ஜெனிஃபர் ஏறியதும் இறங்கியதும்

எழுபதுகளில் பிறந்த அமெரிக்கப் பெண்களில் அத்தனை ஜெனிஃபர்கள் இருக்க, இன்று அங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு அப்பெயர் அரிதாகவே சூட்டப்படுவது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் தன் அட்டைகளுக்கான விண்ணப்பங்களைக் கொண்டு, 1880 முதல் பிறந்தவர்களின் பெயர்களை ஆண்டுவாரியாக எண்ணி வெளியிட்டிருக்கிறது. அதன்படி 1970 முதல் 1984 வரை, தொடர்ந்து 15 ஆண்டுகள், பெண் பெயர்களில் ஜெனிஃபருக்கே முதலிடம். இன்று அது முதல் நூறு பெயர்களுக்குள்கூட இல்லை.

'லவ் ஸ்டோரி' திரைப்படத்தின் நாயகிதான் காரணம் என்று பலர் சொல்வதுண்டு. ஆனால் அப்படம் வெளிவந்தது 1970 டிசம்பரில். அறுபதுகள் முடிவதற்கு முன்பே ஜெனிஃபர் முதல் பத்து இடங்களுக்குள் வந்துவிட்டது. ஏறிக்கொண்டிருந்த பெயரைத்தான் கதையும் எடுத்துக்கொண்டது.

உண்மையான விசை காலதாமதத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே. 1968இல் பெயர் தேடும் ஒரு தம்பதியின் காதில் விழும் பெயர்கள் எல்லாம் சில ஆண்டுகளுக்கு முன்போ, ஒரு தலைமுறைக்கு முன்போ சூட்டப்பட்டவை. அதே மாதத்தில் நாடெங்கும் மற்றவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. கேட்டுச் சலிக்காத, அதே சமயம் விசித்திரமாகவும் ஒலிக்காத பெயர் வேண்டும் என்று எல்லோரும் விரும்புகையில், அந்த நிபந்தனைக்குள் அடங்கும் பெயர்கள் சிலவே என்பதால், ஒருவரையொருவர் அறியாமலே பல்லாயிரம் பேர் ஒரே பெயரை வந்தடைகிறார்கள். குழந்தைகள் பள்ளி வருகைப் பதிவேட்டில் வரிசையாக அமரும்போதுதான் அந்தப் பெயரின் பெருக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. இவ்வாறு தாமதமாக வந்துசேரும் சலிப்பு, வந்தபின் எளிதில் விலகுவதுமில்லை. அக்குழந்தைகள் மாணவிகளாக, அலுவலர்களாக, தாய்மார்களாகக் கண்முன்னே நிறைந்திருக்கும் வரை அப்பெயர் முந்தைய தலைமுறையின் பெயராகவே ஒலிக்கிறது.

நியூபெரி, பிளாட்கின் ஆகியோர் 2022இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் காட்டியது. பத்தாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் அரிதாக இருக்கும் பெயர் ஆண்டுக்குச் சராசரியாக 1.4 சதவீதம் வளர்கிறது. நூற்றுக்கு ஒன்றைத் தாண்டிய பெயரோ 1.6 சதவீதம் தேய்கிறது. மக்கள்தொகை மரபியலில் அரிய மரபணு வகைகள் பிழைத்திருப்பதை விளக்கும் அதே கணிதம் இங்கும் பொருந்துகிறது. பெயர்களை ஆராய்வதற்கு நிதி எதற்கு என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்; தேர்வுகள் இவ்வளவு துல்லியமாக, நூறாண்டுக்கும் மேலாகப் பதிவான பண்பாட்டுத் தரவு வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. வேகமாக ஏறிய பெயர்கள் வேகமாகவே கைவிடப்படுகின்றன என்று பெர்கரும் லெ மென்ஸும் 2009இல் கண்டறிந்ததும், பிரான்சிலும் அமெரிக்காவிலும் இத்தகைய பதிவுகள் இருந்ததால்தான்.

இறங்கும் பெயர் தன் ஒலியை விட்டுச் செல்வதும் உண்டு. முந்தைய ஆண்டுகளில் பரவியிருந்த ஒலிகளைக் கொண்ட பெயர்கள் அடுத்து ஏறும் வாய்ப்பு அதிகம் என்று பெர்கர் குழுவினரின் 2012ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. 1985இல் ஜெனிஃபரை முதலிடத்திலிருந்து இறக்கிய பெயர் ஜெசிகா.