மருந்துச் சீட்டில் ‘ஹோல்ட்’ என்று எழுதியிருந்தால்

தங்கச்சிமடத்தில் மருந்துக்கடை நடத்திவரும் மருந்தாளுநர் நான். சென்ற ஆண்டு பாம்பனைச் சேர்ந்த மீனவர் ஒருவர் மகளுடன் வந்து, ரத்தம் உறைந்து கட்டியாகாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரை ஓர் அட்டை கேட்டார். இரண்டு நாளில் மதுரையில் குடலிறக்க அறுவை சிகிச்சை என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னதால், சீட்டை வாங்கிப் பார்த்தேன். அந்த மாத்திரைக்கு எதிரே ஆங்கிலத்தில் ‘ஹோல்ட், 5 நாள்’ என்று எழுதியிருந்தது.

“ஹோல்டுன்னா பிடிச்சுக்கிறதுதானே அண்ணே? அஞ்சு நாளும் விடாமப் போடணும்னு நான்தான் அப்பாவுக்கு எடுத்துக் கொடுத்தேன்” என்றார் கல்லூரியில் படிக்கும் அந்தப் பெண். அறுவை சிகிச்சை தள்ளிப்போனது.

அவர்மீது பிழையில்லை. கயிற்றைப் பிடிப்பது, கூட்டம் நடத்துவது, உரிமம் வைத்திருப்பது, தொலைபேசியில் காத்திருக்கச் சொல்வது, வங்கிக் கணக்கிலுள்ள பணத்தை எடுக்கவிடாமல் முடக்குவது ஆகிய அனைத்துக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்தான். நம்முடைய ‘பிடி’யும் அப்படிப்பட்டதே. மீன் பிடிக்கிறோம், ஊர் பிடித்திருக்கிறது என்கிறோம், சம்பளத்தில் பிடித்தம் என்கிறோம். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளும் அந்தப் ‘பிடித்தம்’தான் மருத்துவர் எழுதும் ஹோல்டுக்கு மிக நெருக்கமானது. மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்தி வை என்பதே அதன் பொருள்.

குளோபிடோக்ரெல் ரத்தத் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் செய்வது. அதன் பிடியில் சிக்கிய தட்டணு தன் ஆயுள் முடியும்வரை பழைய நிலைக்குத் திரும்பாது என்பதால், போதிய அளவு புதிய தட்டணுக்கள் உருவாவதற்காகவே பொதுவாக 5 நாள் இடைவெளி விடச் சொல்கிறார்கள். விடாவிட்டால் கத்தி பட்ட இடத்தில் ரத்தம் எளிதில் உறையாது.

இதற்கு நேரெதிரான பிழையையும் அடிக்கடி பார்க்கிறேன். ‘ஸ்டாப்’ என்றால் நிறுத்திவிடுவது. ‘ஹோல்ட்’ என்றால் நிறுத்தி வைத்து, பிறகு தொடங்குவது. இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்தவர் அறுவை சிகிச்சை முடிந்தும் மாத்திரையைத் தொடங்காமலே இருந்துவிட்டால், ஸ்டென்டில் ரத்தம் உறைந்து மாரடைப்பே வரக்கூடும். ஆகவே இத்தகைய மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தாமாக நிறுத்துவதும் கூடாது. எந்தத் தேதியில் நிறுத்துவது, எந்தத் தேதியில் மீண்டும் தொடங்குவது என்ற இரண்டையும் கேட்டு எழுதி வாங்காமல் மருத்துவமனையை விட்டுக் கிளம்பவும் கூடாது. இரண்டு வரி தமிழில் எழுதிக் கொடுக்க மருத்துவர்களுக்கு அரை நிமிடம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

இப்போது அப்படிப்பட்ட சீட்டு வந்தால், மாத்திரை அட்டையின் பின்புறம் வெள்ளைத் தாளை ஒட்டி, ‘நிறுத்தி வைக்கவும்’ என்று பேனாவால் எழுதுகிறேன். அதன் கீழே தொடங்கும் தேதிக்கு இடம் விடுகிறேன். பாம்பன்காரர் அறுவை சிகிச்சை முடிந்து வந்தபோது, அந்த இடத்தில் மருத்துவரிடம் கேட்டு மகளே தேதியை எழுதியிருந்தார்.