கிரிட்டிக்கல் பாத்: தமிழில் தளர்விலாப் பாதை

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்திவைக்கும் ஷட்டவுன் நடக்கும்போது ஓயாமல் அடிபடும் சொல், கிரிட்டிக்கல் பாத். முக்கியமான வேலைகளின் பட்டியல் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று கோத்து வரும் வேலைகளில் எந்தத் தொடர் மிக நீளமோ, அதுதான் கிரிட்டிக்கல் பாத். அதில் ஒரு நாள் பிசகினால் ஆலை மறுபடி ஓடுவதும் ஒரு நாள் தள்ளிப்போகும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கச்சா எண்ணெயைப் பிரிக்கும் கோபுரத்தில் நீராவி விட்டு, மிச்சமுள்ள எண்ணெயையும் வாயுவையும் வெளியேற்ற 2 நாள். குழாய்களில் வழியை அடைக்கும் பிளைண்ட் தகடு போட்டு, ஆள் நுழையும் மேன்ஹோலைத் திறக்க 1 நாள். உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் தட்டுகளான டிரேக்களைப் பழுதுபார்க்க 12 நாள். மூடிச் சோதிக்க 3 நாள். ஆக 18. அதே சமயம் ஒரு பம்ப்பைக் கழற்றிச் சீர்செய்து பூட்ட, அதாவது ஓவர்ஹால் செய்ய, 5 நாள் போதும். அந்த வேலைக்கு 13 நாள் தளர்வு இருக்கிறது, அதாவது அவ்வளவு நாள் தள்ளிப்போனாலும் ஆலை ஓடும் நாள் மாறாது. பம்ப் இல்லாமல் ஆலை ஓடாதுதான். ஆனாலும் பம்ப் வேலை இந்தப் பாதையில் சேராது.

1950களின் இறுதியில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த மார்கன் வாக்கரும் கணினி நிறுவனமான ரெமிங்டன் ராண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கிய முறை இது. ரசாயன ஆலைகளைக் கட்டவும் பராமரிக்கவும் பிறந்ததால் எண்ணெய்த் துறைக்கு அப்படியே பொருந்திப்போனது. அவர்கள் முதலில் சொன்னது 'மெயின் செயின்', அதாவது தலைச்சங்கிலி. கிரிட்டிக்கல் என்ற அடைமொழி, அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக வகுத்த பெர்ட் (PERT) என்ற திட்டமிடல் முறையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல்லின் வேர், பிரித்தறிந்து தீர்மானிப்பதைக் குறிக்கும் கிரேக்க வினை. நோய் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியும் கட்டத்தைச் சொல்லவும் அதே வேர்தான்.

தமிழில் 'மாறுநிலைப் பாதை' என்றால் இயற்பியல் பாடத்தின் மாறுநிலை வெப்பநிலைதான் நினைவுக்கு வரும். 'முக்கியப் பாதை' என்றால் பம்ப்பும் உள்ளே வந்துவிடும். 'தளர்விலாப் பாதை' என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. வேலையில் இருப்பவர் எதைக் கவனிக்க வேண்டுமோ, அதை இந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

இந்தப் பாதை இடம் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். திறந்து பார்த்த வெப்பப் பரிமாற்றியில் எதிர்பாராத விரிசல் தெரிந்து, ஷட்டவுன் தொடங்கியதிலிருந்து எண்ணினால் அந்த வேலை முடிய 20 நாள் ஆகும் என்றால், அன்றிலிருந்து அதுதான் தளர்விலாப் பாதை. கோபுரத்துக்கு 2 நாள் தளர்வு கிடைத்துவிடும். மும்பை ஹை போன்ற கடல் எண்ணெய் வயல்களில் பருவமழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடல் கொந்தளிப்பதற்குள் எண்ணெய் எடுக்கும் மேடையைத் தாங்கும் எஃகுச் சட்டமான ஜாக்கெட்டை இறக்காவிட்டால், ஒரு வாரத் தாமதம் மழை ஓயும்வரை பல மாதமாக நீண்டுவிடும்.