தலகாணிக்கு அடியில இருக்கற சாப்பாட்டை எடுத்துடாதீங்க

வீட்டுல பாதுகாப்பு இல்லாத குழந்தைங்க தங்கி வளர்ற ஹோம்ல புதுசா வேலைக்கு சேர்றவங்க எல்லாரும் என்கிட்ட கேக்கற முதல் கேள்வி இதுதான். "மூணு வேளையும் வயிறு நிறைய போடறோம், அப்புறமும் ஏன் இந்தப் புள்ள சாப்பாட்டை எடுத்து தலகாணிக்கு அடியில ஒளிச்சு வைக்குது?" குழந்தைங்களுக்கான கவுன்சிலரா இருக்கேன், இதுக்கு பதில் சொல்லியே ட்ரெயினிங்ல பாதி நேரம் போயிடும். அது திருட்டு இல்லைங்க. நாளைக்கு சோறு உண்டா இல்லையான்னு தெரியாமலே வளர்ந்த உடம்பு அது, இன்னிக்கு வயிறு ரொம்பிடுச்சுன்னு சொன்னா நம்பிடுமா?

ஒரு தடவை நடந்த விபத்தால வர்ற அதிர்ச்சி வேற. வருஷக்கணக்கா திரும்பத் திரும்ப, அதுவும் பாத்துக்க வேண்டிய ஆளே அடிச்சு, பட்டினி போட்டு, தப்பா தொட்டு வர்றது வேற. அதைத்தான் காம்ப்ளெக்ஸ் ட்ராமான்னு சொல்றோம். ஜூடித் ஹெர்மன்ங்கற மனநல டாக்டர் 1992-லயே இதை தனியா பாக்கணும்னு எழுதிட்டாங்க, ஆனா உலக சுகாதார நிறுவனம் நோய்களை வகைப்படுத்தற ஐசிடி-11 பட்டியல்ல இதுக்குன்னு தனி இடம் கிடைச்சு அந்தப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது 2022-லதான். முப்பது வருஷம்! அதுக்குள்ள எத்தனை குழந்தைங்க மேல அடங்காப்பிடாரின்னு முத்திரை குத்திட்டுப் போயிருப்போமோ.

இந்தப் பசங்க மூளையில ஆபத்தை மோப்பம் பிடிக்கற அமிக்டலா எப்பவும் காவல்ல இருக்கும். கதவு படார்னு சாத்தினா போதும், நிதானமா யோசிக்கற முன்பக்க மூளை ஓரமா ஒதுங்கிடும். சிலர் அடிக்க வருவாங்க, சிலர் ஓடிடுவாங்க, சிலர் அப்படியே உறைஞ்சு போய் சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. இந்த மூணாவது ரகத்தைப் பத்தி யாரும் ரிப்போர்ட் எழுத மாட்டாங்க, "ரொம்ப சமத்து"ன்னு விட்டுடுவாங்க. எனக்கு கவலையே அந்த சமத்துப் புள்ளைங்களை நெனச்சுதான்.

இப்படி மிரண்டு போயிருக்கற நேரத்துல "ஏன்டா இப்படி பண்ணின"ன்னு கேட்டு பிரயோஜனமே இல்ல, அவனுக்கே தெரியாது. ப்ரூஸ் பெர்ரிங்கற டாக்டர் சொல்ற வரிசை எனக்கு ரொம்ப உதவியா இருக்கு: மொதல்ல உடம்பு அடங்கணும், அப்புறம் நம்மகிட்ட ஒட்டணும், அதுக்கப்புறம்தான் நியாயம் அநியாயம் எல்லாம்.

நானே சொதப்பின கதை ஒண்ணு சொல்றேன் (விவரமெல்லாம் மாத்திட்டேன்). ஒரு பையனுக்கு, நல்லபடியா நடந்துகிட்டா ஸ்டார் ஒட்டற சார்ட் ஒண்ணு போட்டேன். ஒரு வாரம் முழுக்க ஸ்டார் வாங்கினான், எல்லாரும் பாராட்டினோம், அன்னிக்கு ராத்திரியே சார்ட்டை கிழிச்சு ரூம்ல இருந்ததையெல்லாம் போட்டு உடைச்சுட்டான். நன்றி கெட்ட பயன்னுதான் எனக்கும் தோணுச்சு, பொய் சொல்ல விரும்பல. அப்புறம்தான் புரிஞ்சுது, நல்ல பேர் வாங்கிட்டா அதை எப்ப பிடுங்குவாங்களோன்னு பயந்துகிட்டே இருக்கணும், அதைவிட தானே உடைச்சுட்டா நிம்மதி. வந்த புதுசுல அமைதியா இருந்துட்டு சில மாசம் கழிச்சு ஆட்டம் போடற பசங்களும் இப்படித்தான், "இப்பவும் என்னை வச்சுப்பீங்களா"ன்னு சோதிச்சுப் பாக்கறாங்க, நாம சரியா அந்த நேரம் பாத்து வேற ஹோமுக்கு மாத்தி விட்டுடறோம். அவன் பயந்த மாதிரியே ஆயிடுச்சு, அவ்வளவுதான்.

அதனால நான் கேக்கறதெல்லாம் ரொம்ப சின்ன விஷயம். காலையில எழுப்பற ஆள் முடிஞ்சவரை ஒரே ஆளா இருக்கட்டும். லீவுல போறீங்கன்னா முன்னாடியே சொல்லுங்க, என்னிக்கு திரும்பி வருவீங்கன்னும் சொல்லுங்க, சொன்ன நாள்ல வந்துடுங்க. பின்னாடி இருந்து தொடாதீங்க. தனியா ரூம்ல அடைக்கற தண்டனை வேணவே வேணாம், தனியா விட்டதுலதான் பாதி காயமே. சண்டை முடிஞ்சா அவன் வந்து சாரி கேக்கட்டும்னு காத்திருக்காம நீங்க போய் பக்கத்துல உக்காருங்க. ஷிஃப்ட் மாறும்போது மாத்திரை குடுத்தாச்சா, குளிச்சாச்சான்னு மட்டும் எழுதாம, இன்னிக்கு எதுக்கு திடுக்கிட்டான்னு ஒரு வரி எழுதுங்க.

கேர்டேக்கர்களுக்கும் ஒரு வார்த்தை. தினமும் இதையெல்லாம் கேட்டு கேட்டு உங்க தூக்கமும் கெடும், எரிச்சல் வரும், அது உங்க குணக்கேடு இல்ல. பேச ஒரு ஆளும் முறையான சூப்பர்விஷனும் (அனுபவமுள்ள ஒருத்தர்கூட உக்காந்து வேலையைப் பத்திப் பேசறது) வேணும்னு மேனேஜ்மென்ட்கிட்ட கேட்டு வாங்குங்க, ஆள் நிக்காம மாறிக்கிட்டே இருந்தா கடைசியில அடி வாங்கறது புள்ளைங்கதான்.

அந்த தலகாணி சமாச்சாரத்துக்கு வர்றேன். ஆளுக்கொரு டப்பா குடுத்தோம், பேர் ஒட்டி, எப்ப காலியானாலும் ரொப்பிக்கலாம், யாரும் கேள்வி கேக்கக் கூடாதுன்னு. சிலர் ஒரே ராத்திரியில காலி பண்ணினாங்க, சிலர் தொடவே இல்ல, இருக்கான்னு மட்டும் திறந்து திறந்து பாத்துக்குவாங்க. எறும்பு வருதுன்னு க்ளீனிங் பண்ற அக்கா கம்ப்ளெயின்ட் பண்ணினாங்க. டப்பாவை எடுக்கல, இறுக்கமா மூடற டப்பாவா மாத்திட்டோம்.