மாதிரி: நுண்ணுயிர்த்தொகுதி ஆய்வில் வரையறை வேண்டி நிற்கும் ஒரு சொல்

ஓரிடத்தில் கூடி வாழும் நுண்ணுயிர்களின் முழுத் தொகுப்பை, அதாவது மைக்ரோபயோம் என்று பரவலாக அறியப்படும் நுண்ணுயிர்த்தொகுதியைப் பற்றித் தமிழில் எழுதுபவர் முதல் பத்தியைத் தாண்டுவதற்குள் 'மாதிரி' என்ற சொல்லை எடுத்தாள வேண்டியிருக்கிறது. உடலிலிருந்தோ மண்ணிலிருந்தோ நீரிலிருந்தோ ஆய்வுக்காகச் சிறிதளவு எடுக்கப்படும் பொருள் என்பது அங்கே அதன் பொருள். ஆனால் அதே சொல் 'போல' என்றும், 'விதம்' என்றும், 'பின்பற்றத்தக்க முன்வடிவம்' என்றும் நாள் முழுவதும் நம் பேச்சில் புழங்குகிறது. 'எலி மாதிரி' என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பிட்டால், அது எலியிடமிருந்து எடுத்த பொருளா, மனித நோயொன்றை ஆராய்வதற்காக எலியில் உருவாக்கிய சோதனை வடிவமா என்பதைத் தலைப்பைக் கொண்டு அறிய முடியாது. இரண்டாவது பொருளுக்கு 'மாதிரியுரு' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதை விடாமல் பயன்படுத்தினாலே பாதிக் குழப்பம் தீரும்.

மாதிரி என்பது தமிழுக்கு மட்டும் உரிய சொல் அன்று. தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் சிறிய ஒலி வேறுபாடுகளோடு அது வழங்குகிறது. அதன் பொருள்களையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் நடுவில் நிற்பது ஒப்புமை: ஒன்று மற்றொன்றை ஒத்திருப்பது. ஆங்கிலத்தில் இதற்கு ஈடாக வழங்கும் 'சாம்பிள்' வேறு வழியில் வந்தது. 'வெளியே எடு' என்ற வினையிலிருந்து பிறந்த 'எக்செம்ப்ளும்' என்னும் இலத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து அந்த வடிவத்தை அடைந்தது. மருத்துவ ஆய்வகங்களில் வழங்கும் 'ஸ்பெசிமென்' என்பதோ 'பார்' என்ற இலத்தீன் வினையடியைக் கொண்டது. எடுத்தது, பார்ப்பதற்குரியது என்று அவை சொல்கின்ற இடத்தில், ஒத்திருப்பது என்று தமிழ்ச் சொல் சொல்கிறது. ஒரு பொருளை மாதிரி என்று அழைத்தவுடனேயே, அது தான் எடுக்கப்பட்ட முழுமையைப் போன்றது என்ற உறுதிமொழியையும் நம்மை அறியாமல் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம்.

நுண்ணுயிர்த்தொகுதி ஆய்வில் அந்த உறுதிமொழிதான் ஆபத்தானது. 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நலமுள்ள மூன்று பெரியவர்களின் குடல் உட்சுவரில் பல இடங்களிலிருந்து எடுத்த திசுவையும் அவர்களுடைய மலத்தையும் ஒப்பிட்டு, இரண்டிலும் உள்ள பாக்டீரியாக் கூட்டங்கள் ஒன்றாக இல்லை என்று காட்டியது. இருந்தும், மலத்தைக் கொண்டு செய்த ஆய்வைக் 'குடல் மாதிரி ஆய்வு' என்று எழுதுவது தமிழில் மட்டுமன்றி உலகெங்கும் வழக்கமாக இருக்கிறது. பொதுத் தரவுத்தளங்களில் மல மாதிரிகள் சில வேளை 'மனிதக் குடல் மெட்டாஜீனோம்' என்றும் சில வேளை 'மல மெட்டாஜீனோம்' என்றும் பதிவாகின்றன (மெட்டாஜீனோம் என்பது ஒரு மாதிரியில் உள்ள எல்லா உயிர்களின் மரபுப்பொருளும் சேர்ந்த தொகுப்பு). குடல் என்று தேடுபவருக்கு ஒரு பகுதியும் மலம் என்று தேடுபவருக்கு இன்னொரு பகுதியும் கிடைக்கின்றன. மரபணுத் தரநிலைக் கூட்டமைப்பு 2011இல் வெளியிட்ட குறைந்தபட்சத் தகவல் விதிகளைச் சார்ந்த படிவங்கள் இன்று பரந்த சூழல், அருகமைச் சூழல், ஊடகப் பொருள் (மண், நீர், மலம் போன்று கையில் எடுத்த பொருள்) ஆகிய மூன்றையும் தனித்தனிப் புலங்களில் கேட்பது இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்க உதவும். எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, கையில் இருப்பது என்ன என்பது வேறொரு கேள்வி.

ஆகவே என் பரிந்துரை இதுதான்: 'மாதிரி' என்ற சொல்லுக்கு முன்னே கையில் இருக்கும் பொருளின் பெயர் வர வேண்டும், அது எதைச் சுட்டுவதாக ஆய்வாளர் கருதுகிறாரோ அந்த உறுப்பின் பெயர் வரக் கூடாது. மலம் என்றால் மல மாதிரி. உட்சுவரிலிருந்து கிள்ளியெடுத்த துணுக்கு என்றால் குடற்சுவர்த் திசு மாதிரி. விலங்கின் குடலைத் திறந்து உள்ளிருப்பதை எடுத்தால் குடல் உள்ளடக்க மாதிரி. 'குடல் மாதிரி' என்று மொட்டையாக எழுதுவதை அறவே கைவிடலாம்.

மலம் என்ற சொல்லை எழுதக் கூச்சப்பட்டே பலரும் குடலுக்குத் தாவுகிறார்கள் என்று நினைக்கிறேன். வடமொழியில் அழுக்கு என்று பொருள்படும் அந்தச் சொல்லைத்தான் சைவ சித்தாந்தம் ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களுக்கு வழங்குகிறது. ஆங்கிலமும் இதே கூச்சத்தைச் சுற்றிவளைத்தே கடந்திருக்கிறது. அங்கு 'ஸ்டூல்' என்பது முதலில் இருக்கையைக் குறித்து, பின்பு கழிப்பிட இருக்கையைக் குறித்து, இறுதியில் கழிவையே குறிக்க வந்தது. 'ஃபீசிஸ்' என்பதற்கு இலத்தீனில் அடியில் தங்கும் மண்டி என்று பொருள். நாம் சுற்றிவளைக்கத் தேவையில்லை.

விலங்குகளைப் பொறுத்தவரை தமிழ் வியக்கத்தக்க நுட்பத்தோடு இருக்கிறது. மாட்டுக்குச் சாணம், ஆட்டுக்குப் புழுக்கை, யானைக்கு இலத்தி, பறவைக்கு எச்சம் என்று ஓம்புயிரின் (நுண்ணுயிர்களைத் தன் உடலில் தாங்கும் உயிரின்) பெயரைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறோம். இவற்றுள் எச்சம் தனியாகக் கவனிக்க வேண்டியது. பறவையின் மலமும் சிறுநீரகக் கழிவான யூரிக் அமிலமும் ஒரே துளை வழியாகச் சேர்ந்து வெளியேறுகின்றன. தரையில் விழுந்த எச்சத்தில் கருமையான பகுதி மலமாகவும் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலமாகவும் இருப்பதைக் கண்ணாலேயே காணலாம். எனவே எச்சம் என்பது மலத்துக்கு மாற்றுச் சொல் அன்று, வேறொரு பொருளின் பெயர். கோழி ஆய்வைத் தமிழில் எழுதுபவர் 'எச்ச மாதிரி' என்று எழுதினால் அது நாட்டு வழக்கும் ஆகும், அறிவியலுக்கும் பொருந்தும். ஆயினும் பட்டியலிட்டுத் தேடும் தரவுகளில் 'மாட்டு மலம்', 'ஆட்டு மலம்' என்று ஓம்புயிரையும் பொருளையும் பிரித்து எழுதுவதே நல்லது; சாணத்தையும் புழுக்கையையும் உரைநடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

உறுப்பின் பெயர் போதாது என்பதற்கு வாயைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. 2012இல் முதன்மை முடிவுகளை வெளியிட்ட மனித நுண்ணுயிர்த்தொகுதித் திட்டம், நலமுள்ள 242 பெரியவர்களிடம் மாதிரி எடுத்தபோது வாயையும் தொண்டையையும் மட்டும் ஒன்பது இடங்களாகப் பிரித்தது. உமிழ்நீர், நாக்கின் மேற்பரப்பு, மேலண்ணம், கன்னத்தின் உட்புறம், ஈறு, அடிநாச் சதை (டான்சில்), தொண்டை, ஈறுக்கு மேலுள்ள பற்படலம், ஈறுக்குக் கீழுள்ள பற்படலம் என்பன அவை. கடைசி இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சில மில்லிமீட்டர்தான். ஈறுக்கு மேலே காற்று படுகிறது, உமிழ்நீர் கழுவுகிறது. ஈறுக்குக் கீழே உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்துவிடுவதால் அங்கே வாழும் கூட்டம் வேறு. ஒரு குப்பியின் ஒட்டுச்சீட்டில் 'வாய்' என்று மட்டும் எழுதியிருந்தால், உள்ளே இருப்பது இந்த ஒன்பதில் எது என்பதைப் பின்னர் எவராலும் மீட்க இயலாது.

எடுத்த முறையும் பெயரில் இடம்பெற வேண்டிய நேரங்கள் உண்டு. கொரோனாக் காலத்தில், மூக்கின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் ஒற்றியெடுத்ததைச் செய்திகள் 'சளி மாதிரி' என்றே எழுதின. சளி என்பது நெஞ்சிலிருந்து காறி உமிழ்வதையும் குறிப்பதால், நுரையீரலில் இருந்து வந்ததும் மூக்கில் ஒற்றியதும் ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டன. 'மூக்கு ஒற்று மாதிரி' என்று எழுதினால் இடமும் முறையும் சேர்ந்தே விளங்கும்.

புள்ளியியலுக்கு உரிய சொல்லையும் பிரித்தாக வேண்டும். அத்துறையில் நூறு பேர் கொண்ட குழு முழுவதும் சேர்ந்து ஒற்றை மாதிரியாகக் கணக்கிடப்படும். ஆய்வகத்தில் நூறு குப்பிகள் நூறு மாதிரிகள். 'மாதிரி அளவு' என்பது ஆட்களின் எண்ணிக்கையா, குப்பியில் உள்ள மில்லிலிட்டரா? தமிழ்நாட்டுப் பாடநூல்கள் புள்ளியியலில் 'கூறு', 'கூறெடுத்தல்' என்று எழுதுகின்றன. பகுத்தல் என்ற பொருளில் 'கூறு போடுதல்' இன்றும் பேச்சில் வாழ்வதால் அது பொருத்தமான சொல். கூற்றளவு என்றால் ஆட்களின் எண்ணிக்கை, மாதிரியின் கன அளவு என்றால் மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் மோதுவதில்லை. ஒரு மாதிரியைச் சிறு குழாய்களில் பிரித்து உறைய வைக்கும்போது ஒவ்வொன்றையும் 'பங்கு' எனலாம்.

எஞ்சுவது, எதுவுமே எடுக்கப்படாத குப்பி. தோல் போன்ற நுண்ணுயிர் குறைந்த இடங்களை ஆராயும்போது, வேதிப்பொருள்களிலேயே கலந்திருக்கும் டிஎன்ஏவைக் கண்டறிவதற்காக, உயிர்ப்பொருள் சேர்க்காத குப்பியையும் மற்றவற்றோடு சேர்த்து எல்லாப் படிகளிலும் கொண்டுசெல்கிறார்கள். அதை 'வெற்று மாதிரி' என்று எழுதுவதைக் காண்கிறோம். எதையும் ஒத்திராத ஒன்றை மாதிரி என்று அழைக்க முடியாது. ஒப்பிட்டுச் சரிபார்ப்பதற்காக வைப்பதை ஆய்வகத்தில் கட்டுப்பாடு என்பதால், 'வெற்றுக் கட்டுப்பாடு' என்றே அதை எழுத வேண்டும்.