பைபாஸ் நாளத்துக்குள் ஸ்டென்ட்: அரசு தருவது எது, முன்னமே கேட்க வேண்டியது எது

கொழும்பு தேசிய வைத்தியசாலையில் ஸ்டென்ட் (அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைக்கும்போது வாட்டுக்கோ டொக்டருக்கோ கட்டணம் கிடையாது. நடுவில் சிக்கல் வந்து மருந்து கூடுதலாகப் போனாலும் பில் வராது. தனியாரில் அப்படி இல்லை.

சிக்கல் என்றால் என்ன? பைபாஸுக்காகக் காலிலிருந்து எடுத்துப் பொருத்திய நாளங்களில் ஏறக்குறைய பாதி, பத்து வருடத்துக்குள் பழுதாகிவிடும். உள்ளே படிந்திருப்பது தொட்டால் உதிரும் கொழுப்பும் இரத்தக்கட்டியும்தான். ஸ்டென்டை விரிக்க உள்ளே விடும் பலூன் விரிந்ததும் அது உடைந்து, கீழேயுள்ள முடி போன்ற குழாய்களுக்குள் இறங்கி அடைக்கிறது. அக்குழாய்கள் சுருங்கியும் கொள்கின்றன. திரையில் ஸ்டென்ட் அழகாக விரிந்திருக்கும். இரத்த ஓட்டத்தைப் பார்க்கச் செலுத்தும் சாயம் மட்டும் நகராது. நோயாளி நெஞ்சு நோகிறது என்பார், பிரஷர் இறங்கும்.

இங்கே இன்னொரு ஸ்டென்ட் வைத்துப் பயனில்லை. நைட்ரோகிளிசரின் மருந்தும் பெரிய குழாயைத்தான் தளர்த்தும். ஆகவே சிறு குழாய்களைத் தளர்த்தும் அடினோசின், வெரபமில், நைட்ரோபுருசைட் போன்ற மருந்துகளில் ஒன்றை மெல்லிய குழாய் வழியே அடைப்புக்குக் கீழே கொண்டுபோய், சிறிது சிறிதாகச் செலுத்துவார்கள். மேலிருந்தே ஊற்றினால் மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகாது. பிரஷரையும் கூடவே தாங்கிப் பிடிக்க வேண்டும்.

வராமல் தடுக்கவும் வழியுண்டு. உதிர்வதைக் கீழேயே மறித்துப் பிடிக்கும் சாதனங்கள் இருக்கின்றன. 801 பேரிடம் நடந்து 2002இல் வெளியான சேஃபர் ஆய்வில், அப்படியொன்றைப் பயன்படுத்தியபோது 30 நாளுக்குள் வரும் பெரிய பாதிப்புகள் 16.5 சதவீதத்திலிருந்து 9.6 ஆகக் குறைந்தன. எல்லா நாளத்துக்கும் அது பொருந்தாது. சாதனம் நிற்க அடைப்புக்குக் கீழே இடம் வேண்டும்.

என் சித்தப்பாவுக்குத் தனியார் வைத்தியசாலையொன்று தந்த செலவு மதிப்பீட்டில் இந்தச் சாதனத்தின் பெயரே இல்லை. கேட்ட பிறகுதான் பேனாவால் ஒரு வரி சேர்த்தார்கள். வாயால் சொன்னதை நம்பி நாங்கள் விட்டிருந்தால் அந்த வரியும் வந்திராது.

அப்புறம் ஜனாதிபதி நிதியம். 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. இருதயச் சிகிச்சைக்கும் உதவுகிறது. 2025 பெப்ரவரி முதல் விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். வெள்ளவத்தைக்காரருக்குத் திம்பிரிகஸ்யாய, கொட்டாஞ்சேனைக்காரருக்குக் கொழும்பு. நாள் குறித்த உடனேயே, சிகிச்சைக்கு முன்பே போவது நல்லது. மேசையில் இரத்தம் ஓடாமல் நிற்கும்போது படிவம் தேட நேரமிருக்காது. தமிழில் எழுதிக் கொடுத்துத் தமிழிலேயே பதில் பெற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இடம் தருகிறது. கவுண்டரில் தயங்க வேண்டாம்.

பழைய பைபாஸ் அறிக்கையை ஒரு கொப்பி எடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். எந்த நாளம் எங்கே பொருத்தப்பட்டது என்பது அதில் இருக்கும். அது இல்லாவிட்டால் டொக்டர் ஒவ்வொன்றாகத் தேட, சாயமும் நேரமும் வீணாகும்.