துலங்கல் நேரம் என்றே எழுதுவோம்

மூளை ஆய்வு பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் "ஒளியைக் கண்ட குரங்கு எதிர்வினை ஆற்ற எடுத்துக்கொண்ட நேரம்" என்று மறுபடி மறுபடி வருகிறது. படிப்பவர் குரங்கு சீறியதாக, பாய்ந்ததாகத்தான் நினைப்பார். அது செய்ததோ, பொத்தானை அழுத்தியது மட்டுமே.

தூண்டல் புலனில் பட்டதிலிருந்து உடல் அசையத் தொடங்கும்வரை ஆகும் நேரத்தைத்தான் ரியாக்‌ஷன் டைம் என்கிறார்கள். 1873இல் ஆஸ்திரிய உடலியங்கியல் அறிஞர் சிக்மண்ட் எக்ஸ்னர் ஜெர்மன் மொழியில் அமைத்த சொல்லின் ஆங்கில வடிவம் அது.

இதற்கு 'எதிர்வினை நேரம்' பொருந்தவே பொருந்தாது. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்று நியூட்டனின் மூன்றாம் விதியைப் பள்ளியில் படிக்கிறோம். அங்கே வினையும் எதிர்வினையும் ஒரே கணத்தில் நிகழ்பவை, இடையில் தாமதமே கிடையாது. நாம் அளக்க வந்ததோ தாமதத்தை! போதாக்குறைக்கு அரசியல்வாதியின் பதிலடியும் எதிர்வினை, மருந்து ஒவ்வாமல் தடிப்பதும் எதிர்வினை. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்புப் பழக்கம் இது. 'மறுமொழி நேரம்' என்பாரும் உண்டு. மொழியே இல்லாத குரங்குக்கு ஏன் மறுமொழி?

நம் உயிரியல், உளவியல் பாடநூல்களில் தூண்டல் (ஸ்டிமுலஸ்), துலங்கல் (ரெஸ்பான்ஸ்) என்ற இணை ஏற்கெனவே இருக்கிறது. துலங்குதல் என்றால் ஒளிர்தல் அல்லவா என்று சிலர் மறுக்கிறார்கள். தெளிவாக வெளிப்படுதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. பாத்திரத்தைத் துலக்கினால் கறைக்கடியில் இருந்த பளபளப்பு வெளியே வருகிறது. மூளைக்குள் நடந்தது கையசைவாக வெளியே தெரிவதும் துலங்கல்தான்.

மூளையின் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குச் செய்தி கடக்கும் நேரத்தை அளக்கும் ஆய்வில் சொல் தெளிவாக இருந்தே ஆகவேண்டும். குரங்கு திரையின் நடுப்புள்ளியைப் பார்த்தபடி இருக்கிறது. புள்ளிக்கு இடப்புறம் ஒளி மின்னினால் செய்தி முதலில் வலது அரைக்கோளத்துக்குப் போகும். இடக்கையை இயக்குவதும் பெரும்பாலும் அதே அரைக்கோளம்தான். வலக்கையால் அழுத்தவேண்டும் என்றால் செய்தி இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் பெரிய நார்க்கற்றையான கார்பஸ் கலோசம் போன்ற இணைப்பு வழியாக மறுபக்கம் கடக்கவேண்டும், அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். 1912இல் உளவியலாளர் பாஃபென்பெர்கர் மனிதர்களிடம் இந்த முறையைக் கையாண்டார். மனிதரில் அந்த வேறுபாடு சராசரியாகச் சில மில்லி நொடிகள்தான். கார்பஸ் கலோசம் துண்டிக்கப்பட்டவர்களிடம் அது பல மடங்கு கூடுகிறது. குரங்கில் இணைப்பு இது ஒன்றே அல்ல. முன்புற இணைப்பு நார்க்கற்றையும் பார்வைச் செய்தியைக் கடத்துகிறது. அதனால் கார்பஸ் கலோசத்தை மட்டும் வெட்டிவிட்டு, இரு பாதியும் பிரிந்துவிட்டன என்று முடிவுகட்ட முடியாது.

ஒளியும் அழுத்தும் கையும் ஒரே பக்கம் என்றால் 'நேர்த் துலங்கல் நேரம்', எதிரெதிர்ப் பக்கம் என்றால் 'கடப்புத் துலங்கல் நேரம்', இரண்டுக்கும் இடையே 'கடப்பு வேறுபாடு' என்று எழுதலாம். எதிர்வினை என்று தொடங்கியவர் 'எதிர்ப்பக்க எதிர்வினை நேரம்' என்று எழுதவேண்டி வரும். அதில் எந்த 'எதிர்' எதைக் குறிக்கிறது என்று மாணவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?