உம் கொட்ட ஆள் வேண்டும்

"மனக்கஷ்டத்தை எல்லாம் வாட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாகக் கொட்டினேன். தோழியும் அன்பாகத்தான் பதில் போட்டாள். ஆனாலும் பாரம் இறங்கவில்லை. நேரில் கொஞ்ச நேரம் பேசியதும் இறங்கிவிட்டது. ஏன்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

ஹார்மோன் சங்கதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதற்றத்தில் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் ஏறும், தெரிந்ததுதான். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்சர் குழுவினர், சிறுமிகளை அந்நியர்கள் முன்னால் பேசவும் கணக்குப் போடவும் சொன்னார்கள். அப்புறம் சிலர் அம்மாவை நேரில் பார்த்தார்கள், சிலர் போனில் பேசினார்கள், சிலர் கணினியில் செய்தி அனுப்பிக்கொண்டார்கள், சிலர் தனியாகவே இருந்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி, அம்மாவின் குரலைக் கேட்டவர்களுக்குக் கார்ட்டிசோல் தணிந்தது, நெருக்க உணர்வோடு தொடர்புடைய ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடியது. எழுத்தில் மட்டும் ஆறுதல் கிடைத்தவர்களின் கார்ட்டிசோலோ தனியாக இருந்தவர்களுடையதைப் போலவே இருந்தது. தாய்க்கும் மகளுக்கும் இடையில் கண்டதை அப்படியே நட்புக்குப் பொருத்திவிட முடியாதுதான்.

எனக்கு இதைவிடப் பிடித்தது, 2000இல் கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பாவெலாஸ் குழு செய்த சோதனை. ஒருவர் தான் மயிரிழையில் தப்பிய அனுபவத்தைச் சொல்ல வேண்டும், எதிரே இருப்பவர் கேட்க வேண்டும். ஆனால் கேட்பவர்களில் சிலருக்கு ஒரு ரகசிய வேலை: 'டி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். காது சொற்களில்தான் இருந்தது, கதையில் இல்லை. அவர்கள் உம் கொட்டுவது குறைந்தது. கதையோடு ஒட்டி வரும் "அய்யோ", முகச்சுளிப்பு, மூச்சை இழுத்துப் பிடிப்பது போன்றவை ஏறக்குறைய நின்றேபோயின. விளைவைப் பாருங்கள்: கதை சொன்னவர் தடுமாறினார்! அதுவும் உச்சக்கட்டத்தில். சிலர் சட்டென்று முடித்தார்கள், சிலர் முடிவையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள், சிலர் "இது எவ்வளவு ஆபத்து தெரியுமா" என்று விளக்கத் தொடங்கினார்கள். சொந்த வாழ்வில் நடந்ததைச் சொல்லக்கூட எதிரே இருப்பவரின் முகம் தேவைப்படுகிறது.

அந்த முகமும் சும்மா இருப்பதில்லை. ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லிநொடிதான். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் காட்டியிருக்கிறார்கள். ஒரு சொல்லைத் தேடி எடுத்து வாயில் கொண்டுவரவே மூளைக்கு 600 மில்லிநொடி அளவுக்கு ஆகும். அப்படியென்றால் நீங்கள் அழுதுகொண்டே சொல்லும்போது, உங்கள் வாக்கியம் எங்கே போய் முடியும் என்று நண்பர் முன்கூட்டியே கணித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் நினைப்புக்கு உள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறார்!

இதை வைத்துக்கொண்டு, "பேச்சில் சொற்களுக்கு 7 சதவீத மதிப்புதான்" என்று பயிற்சி வகுப்புகளில் ஓதுவதை நம்பிவிடாதீர்கள். 1967இல் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் ஒற்றைச் சொற்களைப் பல தொனிகளில் ஒலிக்கவிட்டுச் செய்த சோதனைகளிலிருந்து பிய்த்தெடுத்த எண் அது. படித்தவர்கள் பரப்பும் மூடநம்பிக்கை என்றே சொல்வேன்.

எழுத்துக்கும் தனி பலம் உண்டு. முகம் தெரியாதபோது மனிதர்கள் தங்களைப் பற்றி அதிகம் சொல்கிறார்கள் என்று உளவியலாளர் ஆடம் ஜாய்ன்சன் 2001இல் காட்டினார். நேரில் நா எழாத விஷயத்தை எழுதித் தொடங்குங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் பேசியதற்குச் சமம் என்று எண்ண வேண்டாம். உங்கள் தொனி அவருக்குப் போய்ச் சேரும். நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் கொட்டும் உம் உங்களுக்கு வராது. அதற்கு ஒரு போன் போடுவதே மேல்.